திருவாரூர் முத்துசாமி ஐயர்

ஜோகுபாளையத்திலிருந்து கப்பன் பூங்காவிற்குச் சென்று வந்த மாணவர்கள், விதான சௌதாவிற்கு எதிரே நீண்டு நிற்கும் செந்நிறக் கட்டடத்தைக் கண்டிருப்பார்கள். அதுவே கர்நாடக உயர்நீதிமன்றம். பதினெட்டு அரசுத் துறைகளுக்காக எழுப்பப்பட்டமையால் ‘அட்டாரா கச்சேரி’ என்று பெயர்பெற்ற அக்கட்டடம் 1868ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகப் பொறுப்பேற்றார் முத்துசாமி ஐயர்.

அவர் 1832ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாயுடன் திருவாரூருக்கு வந்து, கிராமக் கணக்கரிடம் உதவியாளராக அமர்ந்தார். மாத ஊதியம் ஒரு ரூபாய்!

ஒருநாள் அணை ஒன்று உடைந்தது பற்றிய விவரம் தாசில்தாருக்குத் தேவைப்பட்டது. சிறுவன் முத்துசாமி கொணர்ந்த விவரம் சிறிதும் பிழையின்றி இருந்தது. அத்தாசில்தாரின் பெயரும் முத்துசாமியே, முத்துசாமி நாயக்கர். அவர் சிறுவனின் அறிவுக்கூர்மையை உணர்ந்து, சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாகக் கருதிய அப்பெரியவரை இவ்வரலாற்றில் மறத்தல் ஆகாது. முத்துசாமி தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்றும் கூறுவர். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார். ஒரு ரூபாய் ஊதியம் பெற்றவருக்கு அது எத்துணைப் பெருந்தொகை!

பின்னர் வழக்குரைஞர் தேர்வில் வென்று, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். மங்களூரிலும் நீதித்துறையில் பணியாற்றினார். இன்று கர்நாடகத்தில் உள்ள அந்நகரம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் பின்னரே சென்னை மாஜிஸ்திரேட் பதவி வந்தது.

அப்பதவியில் அவருக்குக் கடுஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. ஆங்கிலேயர் ஒருவர் தம்மை அடித்துவிட்டதாக இந்தியர் ஒருவர் முறையிட்டார். அடித்தவரோ உயர்நீதிமன்ற நீதிபதி! மாஜிஸ்திரேட்டைவிடப் பன்மடங்கு உயர்ந்த பதவியினர், ஆளும் இனத்தவர். அவரைப் பகைத்துக்கொண்டால் முத்துசாமியின் எதிர்காலமே இருண்டுவிடக்கூடும். எனினும், நீதிபதி நேரில் வரவேண்டும் என்று அழைப்பாணை பிறப்பித்தார். நேரில் வருவதிலிருந்து விலக்களிக்குமாறு மேலதிகாரி கூறியதையும் அவர் ஏற்கவில்லை. வழக்கை விசாரித்து, குற்றம் செய்தவர் எனக் கண்டு மூன்று ரூபாய் அபராதம் விதித்தார். தொகை சிறிது; ஆயினும், நீதிபதியும் சட்டத்திற்கு உட்பட்டவரே என்பதை ஊரார் அன்று கண்ணால் கண்டனர்.

நாற்பது வயதை நெருங்கிய நிலையிலும் அவர் மாணவராகவே இருந்தார். பணியில் இருந்தவாறே பயின்று, 1871இல் சட்டப் பட்டம் பெற்றார்.

கீழ்நீதிமன்றத் தீர்ப்பில் மனநிறைவு பெறாதவர் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்குப் பெரும்பாலும் சாட்சிகளை மீண்டும் அழைப்பதில்லை. முன்னர் எழுதப்பட்ட சாட்சியங்களையும் தீர்ப்பையும் நீதிபதிகள் படிப்பார்கள். தீர்ப்பில் நேர்ந்த பிழை யாது என்று வழக்குரைஞர்கள் வாதிடுவார்கள். நிலம், வாரிசுரிமை, குடும்பச் சொத்து எனக் குடிமக்களின் வாழ்வே அக்காகிதக் கட்டுகளுள் அடங்கியிருக்கும். சென்னை உயர்நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டும், பல ஆண்டுகள் இந்தியர் எவரும் அங்கு நீதிபதியாக அமரவில்லை. ஆங்கிலேயரே மக்களின் வழக்கைத் தீர்த்தனர். அந்நிலையை மாற்றி, முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தவர் முத்துசாமி ஐயர்.

ஆங்கிலேயர் நடத்திய நாளிதழ்கள் அந்நியமனத்தைக் கடுமையாக எதிர்த்தன. ஆகவே, இளைஞர் அறுவர் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 படிகள் அச்சிட்டனர். இன்றும் வெளிவரும் ‘தி இந்து’ அவ்வாறு பிறந்ததே. அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் பின்னர்ச் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் இதழையும் தொடங்கினார்.

முத்துசாமி ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். 1892இல் திறக்கப்பட்ட செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடத்தில் அவர் அமர்ந்தது சில ஆண்டுகளே. 1895 சனவரி 25இல், அறுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள்களுக்கு முன்னர், அவர் மறைந்தார். அக்கட்டடத்தினுள் அவருடைய பளிங்குச் சிலை உள்ளது. தலைப்பாகை அணிந்து, வெறுங்காலுடன் அமர்ந்திருக்கும் அச்சிலையைக் கடந்தே இன்றும் வழக்குரைஞர்கள் மேல்முறையீட்டுக் கட்டுகளுடன் செல்கின்றனர்.