சரித்திரத்துக்கு உயிரூட்டிய கல்கி

பள்ளி நாட்களில் நான் அடைந்த ஓர் அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சோழர் வரலாறு பற்றிய கட்டுரைப் போட்டி ஒன்றில், ஆதித்த கரிகாலன் கொலைக்குக் காரணமாயிருந்தவள் நந்தினி என்று நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்தப் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, இவள் கதையில் வருபவள், சரித்திரத்தில் இல்லை என்றார். வகுப்பு சிரித்தது. அன்று எனக்குக் கோபம் வந்தது ஆசிரியர்மேல் அன்று, கல்கியின்மேல்! என் ஆச்சி வடாலாவில் எங்கள் ஓரறை வீட்டுப் பரணில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பொன்னியின் செல்வன் தொகுதிகளை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன் நான். அவரே என்னை ஏமாற்றிவிட்டாரே என்று எண்ணினேன்.

இவ்வாண்டு நம் பல்கலைக்கழகத்தில் அரபு மொழி பயிலும் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய கோபம் நினைவுக்கு வந்தது. இன்றைய அரபு நாவலாசிரியர்கள் வட ஆப்பிரிக்க வரலாற்றைத் தோண்டித் தோண்டி எழுதுகிறார்கள் என்றார் அவர். 1332-ல் தூனிசில் பிறந்து, பல அரசவைகளில் பணியாற்றி, 1406-ல் கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூனை நாயகராக்கி மொராக்கோவின் பென்சாலம் ஹிம்மிஷ் நாவல் எழுதினார். பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற அமீர் அப்துல் காதிரைப் பற்றி அல்ஜீரியாவின் வாசினி அல்அராஜ் எழுதினார். பிரெஞ்சுக்காரர் அல்ஜியர்ஸைப் பிடித்த காலத்தைக் கதையாக்கிய அப்துல் வஹ்ஹாப் ஈசாவி 2020-ல் அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி, கெய்ரோவில் 1892-ல் அல்ஹிலால் என்னும் பத்திரிகையைத் தொடங்கி, இருபதுக்கு மேற்பட்ட சரித்திர நாவல்களை எழுதிய ஜுர்ஜி ஸைதான். உங்கள் மொழியில் அப்படி யார் இருக்கிறார் என்று நண்பர் கேட்டார். கல்கி என்றேன். அவர் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, என் கோபம் கரைந்தது. அதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ல் தஞ்சைத் தரணியில், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தை ராமசுவாமி ஐயர் கிராமக் கணக்கர். திருச்சியில் படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி, பள்ளியிறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்தார். தேர்வு நாள் நெருங்கினால் நமக்கு வேறு எதையும் துறக்கத் தோன்றும். அவரோ எதிர்காலத்தையே துறந்தார். 1922-ல் ஓராண்டுச் சிறைவாசம் கிடைத்தது.

1923-ல் திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியரானார். பின்னர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் சென்று, ராஜாஜி நடத்திய விமோசனம் என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் உழைத்தார். சட்டமறுப்பு இயக்கத்தில் மீண்டும் ஆறு திங்கள் சிறை சென்றார். அதே இயக்கத்தின்போதுதான், 1930-ல், நம் வடாலா உப்பளத்துக்குள் ஆயிரக்கணக்கான மக்கள் தடியடிக்கு அஞ்சாமல் புகுந்து உப்பு எடுத்தனர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

அதன்பின் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்றார். நகைச்சுவையும் இசை விமரிசனமும் தொடர்கதையுமாக அவர் எழுதியவை வாரந்தோறும் வீடுகளைத் தேடிச் சென்றன. தியாகபூமி 1939-ல் திரைப்படமாகவும் வந்து, ஆங்கில அரசின் தடைக்கு ஆளானது. 1941-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்காக அந்த நல்ல பதவியையும் விட்டுச் சிறை புகுந்தார். வெளிவந்ததும், நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து கல்கி இதழைத் தொடங்கினார்.

அந்த இதழில்தான் சரித்திரம் உயிர்பெற்று எழுந்தது. பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் பல்லவர் காலத்தைக் காட்டின. 1950 அக்டோபரில் பொன்னியின் செல்வன் தொடங்கி, மூன்றரை ஆண்டுகள் ஓடியது. ஓவியர் மணியத்தின் சித்திரங்களில் வந்தியத்தேவனும் குந்தவையும் முகம் பெற்றார்கள்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். கல்கி பொய் சொன்னாரா? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்றவர்களான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரும் உறவினரும் நிலம் இழந்த செய்தி அதில் இருக்கிறது. கொலைக்குக் காரணம் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நந்தினியைக் கல்கி படைத்தார். மக்கள் விரும்பியும் அருள்மொழி தன் சிற்றப்பன் உத்தமச் சோழனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கதையின் சிகரமாக அந்தத் தியாகத்தையே அவர் அமைத்தார். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் போன்றோர் ஆய்ந்து தந்த வரலாறு அவருக்கு அடித்தளம். இலங்கைக்கும் நேரிற் சென்று பார்த்து எழுதினார். கல் பேசிய இடத்தில் கல்லைப் பேசவிட்டார். கல் மௌனமான இடத்தில் தாம் பேசினார்.

இந்த எல்லையை அறியாமல் படித்தது என் குற்றமேயன்றி அவர் குற்றமன்று. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. வல்லவன் படைத்த கற்பனை, உண்மையைவிட ஆழமாக மனத்தில் பதிந்துவிடும். ஆதலால் நாவலைப் படித்தவன் கல்வெட்டையும் தேட வேண்டும்.

அவர் அக்காலத்தை எழுதியது தம் காலத்துக்காகவும் என்றே நான் கருதுகிறேன். குடியரசு பிறந்து, நாடு முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்த ஆண்டுகள் அவை. பதவிக்கு எல்லோரும் முந்தும் வேளையில், பதவியை விட்டுக்கொடுத்த ஓர் இளவரசனை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயலா? இருமுறை படிப்பையும் பதவியையும் துறந்தவருக்கு அந்தக் கதை தம் கதையாகவே தோன்றியிருக்கும்.

எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழப் பாடுபட்டவர், தமிழிசைக்காக வாதாடியவர், காசநோயால் 1954 டிசம்பர் 5-ல், தம் 55-ஆம் வயதில் மறைந்தார். அவர் முடிக்காது விட்ட அமரதாராவை மகள் ஆனந்தி முடித்தார். விடுதலைப் போராட்டத்தையும் பிரிவினையையும் சித்திரித்த அலை ஓசைக்கு 1956-ல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது; வாங்க அவர் இல்லை.

நண்பர்களே! என் தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து வந்து, இந்நகர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அந்தத் தலைமுறை தாராவியிலும் மாட்டுங்காவிலும் வடாலாவிலும் வாழ்ந்த வாழ்வை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை. தாத்தா போய்விட்டார், ஆச்சிக்கு நினைவு தடுமாறுகிறது. கேட்டுக் குறித்துக்கொள்ள நமக்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. நான் சென்ற வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எப்போது?