அலைக்கு வேலியிட்ட அறிஞர்

செடிகொடிகளும் உணர்ச்சியுடையன என்று காட்டியவர் என்றே ஜகதீச சந்திர போஸை மாணவர் பலரும் அறிவர். அதற்கு முன்னரே கம்பியில்லா மின்னலைகளை ஆராய்ந்து அவர் பெற்ற வெற்றியைச் சிலரே அறிவர். அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் கீழை வங்காளத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் ராலே பெருமகனாரிடம் பயின்று, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயர்க்கு ஓர் ஊதியம், இந்தியர்க்கு அதனிற் குறைந்த ஊதியம் என்பது அந்நாளைய முறை. அதனை ஏலாத போஸ், மூன்றாண்டுகள் ஊதியம் தொடாமலே பாடம் நடத்தினார். இறுதியில் அரசினர் இணங்கி, முழு நிலுவையும் அளித்தனர்.

ஆராய்ச்சிக்கெனக் கல்லூரியில் தக்க கூடம் இல்லை. சிறியதோர் அறையிலே, தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் துணையுடன், 1894இல் போஸ் பணி தொடங்கினார். ஹெர்ட்ஸ் எழுப்பிய அலைகள் நீண்டவை. அவற்றைக் கொண்டு நுண்ணிய அளவைகள் செய்ய இத்தகைய சிற்றறை போதாது. எனவே போஸ் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார்.

ஆயினும் ஓர் இடையூறு எழுந்தது. தீப்பொறி தோன்றுந்தோறும் அலை, விட்ட வழியில் மட்டும் செல்லாது கருவியின் நாற்புறமும் கசிந்தது. சுருளின் காந்த விசையும் அளவுகருவியின் முள்ளைக் கலக்கியது. முள் அசைந்தால், அது ஆராயப்படும் அலையால் அசைந்ததா, வழிதவறித் திரியும் அலையால் அசைந்ததா என்று எவ்வாறு துணிவது? துணிய இயலாதெனில் உழைப்பெல்லாம் வீணன்றோ?

போஸ் மின்கலத்தையும் சுருளையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். காந்த விசையை இரும்பும், அலைக்கசிவைச் செம்பும் தடுத்தன. அலை வெளிவர ஒரு குழாய் மட்டுமே வாயிலாயிற்று. அலையை ஏற்கும் கருவியின் கம்பிகளுக்கும் உலோகக் காப்பிட்டார். காப்பில்லாத கம்பி தானே அலையை வாங்கிக்கொள்ளும் அன்றோ? வயலுக்கு வரப்புப் போல அலைக்கு வேலி அமைந்தது.

இந்நாளில் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்து அயல்நாட்டாருடன் அளவளாவும் ஆர்வலரும் இவ்விடையூற்றை அறிவர். ஏரியலில் ஓடவேண்டிய மின்னோட்டம் கம்பியின் புறவுறை வழியே அறைக்குள் திரும்பினால், ஒலிவாங்கியின் உலோகம் உதட்டைச் சுடுதலும் உண்டு. அவர்கள் அக்கம்பியை ஃபெரைட் வளையத்திற் சுற்றி அதனைத் தடுப்பர். கருவி வேறு; கவலை ஒன்றே.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் போஸ் விடுத்த அலை, சுவர்களை ஊடுருவிச் சென்று அப்பால் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. 1897இல் இலண்டன் ராயல் நிலையத்தில், கையில் எடுத்துச் செல்லத்தக்க அப்பெட்டியைக் கொண்டே அறிஞர்முன் தம் சோதனைகளை நடத்திக் காட்டினார். பொருளீட்டும் எண்ணம் அவர்பால் இல்லை. நண்பர் வற்புறுத்தியதனாலேயே 1904இல் அமெரிக்க உரிமைப்பட்டயம் ஒன்று அவர் பெயரில் அமைந்தது.

பின்னர்ப் பயிர்களின்பால் அவர் கருத்துத் திரும்பியது. 1917இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, 1937 நவம்பர் 23இல் கிரிடியில் காலமானார். அவர் கையாண்ட கருவிகள் பல அந்நிலையத்திற் பேணப்பெற்று வருகின்றன.