எரிந்ததைத் திரும்ப எழுதியவர்

ஏ லெவலோடை படிப்பை விட்டிட்டு லண்டனில் பக்டரி வேலை செய்யிற ஆள் நான். எனக்குத் தெம்பு தந்த ஒரு எழுத்தாளரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் புச்சி எமெச்செட்டா.

1944 இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். வீட்டில் தம்பியின் படிப்புக்குத்தான் முதலிடம். இவர் அடம்பிடித்துத்தான் பள்ளிக்கூடம் போனார். சின்ன வயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். 16 வயதில் கலியாணம். 1962 இல் இரண்டு பிள்ளைகளோடு, கணவர் படித்துக்கொண்டிருந்த லண்டனுக்கு வந்தார். கறுப்பர் என்பதால் வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு.

ஓய்வு நேரத்தில் எழுதிய முதல் நாவலைக் கணவர் எரித்துவிட்டார். 1966 இல் அவரை விட்டுப் பிரிந்தார். ஐந்து பிள்ளைகளையும் தனியாக வளர்த்துக்கொண்டே நூலகத்தில் வேலை செய்தார், லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். பிள்ளைகள் எழும்ப முதல், விடியப்புறத்தில்தான் எழுத்து.

கவுன்சில் வீடுகளில் வாழும் ஏழைப் பெண்களைப் பற்றிய 'இன் த டிச்' 1972 இல் வெளிவந்தது. 1976 இல் அவரது 'எ கைன்ட் ஒஃப் மரேஜ்' நாடகத்தை பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. எரிந்த நாவலும் திரும்ப எழுதப்பட்டு, அதே வருடம் 'த பிரைட் பிரைஸ்' என்ற பெயரில் வந்தது. 2005 இல் ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. 2017 இல் லண்டனிலேயே காலமானார்.

இடம்பெயரேக்கை நான் எழுதின கொப்பியள் எல்லாம் ஊரிலையே போட்டுது. போனது போனதுதானே எண்டு இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனான். இந்தச் சித்திரைக்கு ஒரு புதுக் கொப்பி வாங்கியிருக்கிறன். நீங்களும் வாங்குங்கோ.