வால்டெமார் ஹாஃப்கின்

வால்டெமார் ஹாஃப்கின் (1860 - 1930) இந்தியாவில் வாந்திபேதி, கொள்ளைநோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி வழங்கிய பாக்டீரியாவியல் அறிஞர் ஆவார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் அகவித்து இவரது வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் அன்றைய உருசியப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அங்கு இலியா மெச்னிக்கோவிடம் பயின்றார். பின்னர் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். 1892 இல் வாந்திபேதித் தடுப்பூசியை முதலில் தமக்கே செலுத்திச் சோதித்தார். 1893 இல் கல்கத்தா வந்தார். 1896 இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது அதற்கான தடுப்பூசியை உருவாக்கி, 1897 சனவரி 10 அன்று தம் உடலில் செலுத்திக்கொண்டார்.

முல்கோவால் நிகழ்வு

1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் (இன்று பாக்கித்தானில் உள்ளது) 107 பேருக்குத் தடுப்பூசி இடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். தடுப்பூசி தயாரிப்பில் கார்பாலிக் அமிலத்தைத் தவிர்த்து வெப்பத்தைக் கையாண்டதே காரணம் என ஹாஃப்கின் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டு, 1904 இல் இங்கிலாந்து சென்றார்.

புட்டியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அது கார்பாலிக் கரைசலில் மட்டுமே நனைக்கப்பட்டதும் பின்னர் கவனத்திற்கு வந்தன. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் 1907 இல் டைம்ஸ் நாளிதழில் அவருக்காக வாதாடினர். அவ்வாண்டே அவர் மீதான பழி நீங்கியது.

அகவித்தின் தன்மை

இசிவு நோய்ப் பாக்டீரியா மண்ணில் அகவித்தாக நீண்ட காலம் உயிர்த்திருக்கும். வளரும் செல்களைக் கொல்லும் கிருமிநாசினிகள் பலவும் அகவித்தை அழிப்பதில்லை. 1889 இல் கிட்டசாட்டோ சிபாசபுரோ, வெப்பத்தால் பிற பாக்டீரியாக்களை அழித்தே இதனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

இவ்வுறுதி மரபணுக் கட்டுப்பாட்டினால் அமைகிறது. இது பாசில்லசு சப்டிலிசு பாக்டீரியாவில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. உணவு குன்றும்போது எஸ்பிஓ0ஏ என்னும் புரதம் பாசுப்பேட்டு ஏற்றுச் செயல்படத் தொடங்குகிறது. செல் சமமற்ற இரு பகுதிகளாகப் பிரிகிறது. சிறிய பகுதியில் சிக்மா-எஃப், பெரிய தாய்ச்செல்லில் சிக்மா-ஈ, பின்னர் முறையே சிக்மா-ஜி, சிக்மா-கே ஆகிய காரணிகள் வெவ்வேறு மரபணுக்களை இயக்குகின்றன. ஒரு பகுதியின் நிலை மற்றதற்குச் சைகையாக அமைவதால் இவ்வொழுங்கு பிறழ்வதில்லை. இறுதியில் தாய்ச்செல் சிதைந்து, நீர் குறைந்த, தடித்த உறையுடைய வித்து வெளிப்படுகிறது. இசிவு நோய்ப் பாக்டீரியா உள்ளிட்ட குளோசுட்ரிடியங்களிலும் இக்காரணிகள் உள்ளன. தொடக்கச் சைகையும் வரிசையும் சற்று வேறுபடும்.

இறுதிக்காலம்

பம்பாய்ப் பதவியில் வேறொருவர் அமர்ந்துவிட்டதால், ஹாஃப்கின் கல்கத்தாவில் பணியாற்றி 1914 இல் ஓய்வு பெற்றார். அவர் பம்பாயில் நிறுவிய ஆய்வகம் 1925 இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1930 இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். 1964 இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.