எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வில் ஞானஸ்நானம்: தவறான புரிதல்களும் தெளிவும்

ஆய்வுச் சுருக்கம்

இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) முப்பத்தொரு வயது நிறையும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றார். அச்சடங்கே மீட்பைத் தருவது, அது வெறும் பதிவுச் சடங்கு, அதனைப் பெறுவோர் தம் மொழி மரபை இழப்பர், அத்துடன் சமய மாற்றம் நிறைவுறும் என்னும் நான்கு கருத்துகள் இன்றும் வழங்குகின்றன. புலவரின் வாழ்க்கையையும் படைப்பையும் துணைக்கொண்டு இக்கருத்துகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

கிறித்தவ இலக்கிய வரலாறுகள் புலவர்களின் மதமாற்றத்தை ஓர் ஆண்டுக் குறிப்பாகச் சுருக்கிவிடுவது வழக்கம். கிருஷ்ண பிள்ளையைக் குறிப்போரும் 1858 என்னும் ஆண்டைச் சுட்டி, அதற்கு முன் வைணவர், அதற்குப் பின் கிறித்தவர் என இரு கூறாகப் பகுத்துவிடுவர். அவருடைய வாழ்க்கை அப்பகுப்புக்குள் அடங்குவதாக இல்லை. ஞானஸ்நானம் எதனைச் செய்தது, எதனைச் செய்யவில்லை என்பதை வரையறுத்தால்தான் அவருடைய காப்பியத்தின் இயல்பும் விளங்கும்.

சொல்லாட்சியிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஞானஸ்நானம் என்பதிலுள்ள ஸ்நானம், தீர்த்தமாடிப் பாவம் போக்கும் தமிழ் வழக்கை நினைவூட்டுகிறது. நீருக்கே ஆற்றல் உண்டு என்னும் எண்ணம் இதனால் எளிதில் பிறக்கும். ஆனால் கிறித்தவத் தமிழில் ஞானம் என்னும் முன்னொட்டு ஆவிக்குரியது என்னும் பொருளில் வழங்குவது. ஞானத்தகப்பன் என்னும் சொல்லும் இவ்வாறு அமைந்ததே. எனவே அச்சொல்லின் அழுத்தம் நீராட்டின் மீதன்று, அது குறிக்கும் அகமாற்றத்தின் மீதே உள்ளது.

பிறப்பும் பணியும்

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் சங்கர நாராயண பிள்ளை, தெய்வநாயகி அம்மாள். வைணவ வேளாளக் குடும்பமாதலின் கம்பராமாயணமும் ஆழ்வார் பாசுரங்களும் இளமையிலேயே அவருக்குப் பழக்கமாயின. 1853இல் சாயர்புரம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி அமைந்தது. பின்னாளில் பேராயரான கால்டுவெல் அப்பணிக்கு அவரைத் தேர்ந்தார். கிறித்தவ நிறுவனத்தில் ஊதியம் பெற்றும் அவர் உடனே சமயம் மாறினார் அல்லர். ஐந்தாண்டுகள் வைணவராகவே அங்குத் தமிழ் கற்பித்தார். பணியின் பொருட்டுத் திருமுழுக்குப் பெற்றார் என்னும் கருத்தை இக்கால இடைவெளி வலுவிழக்கச் செய்கிறது.

நம்பிக்கையும் நீராட்டும்

தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் அவருக்கு முன்னரே கிறித்தவ நெறியைத் தழுவினர். அவர்களோடு நிகழ்ந்த உரையாடலும், புதிய ஏற்பாட்டு வாசிப்பும், ஜான் பனியனின் மோட்சப் பயண நூலும் அவர் உள்ளத்தை அசைத்தன. நீண்ட மனப்போராட்டத்துக்குப் பின் நம்பிக்கை பிறந்தது. அதன் பின்னரே, 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூர்த் தூய தோமா ஆலயத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். நீராட்டு நம்பிக்கையைப் பிறப்பிக்கவில்லை. முன்னரே பிறந்துவிட்ட நம்பிக்கையை உலகறிய வெளிப்படுத்தியது. சடங்கே மீட்பளிக்கிறது என்னும் முதற் கருத்து அவர் திறத்தில் பொருந்தாமை இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் சடங்கு தேவையற்றதோ என வினவலாம். அன்று கிறித்தவ நூல்களை வாசிப்பவரையும் தனித்து இறைவேண்டல் செய்பவரையும் சுற்றத்தார் ஓரளவு பொறுத்துக்கொள்வர். ஞானஸ்நானம் பெற்ற பின்னரே உறவு அறுந்ததாகக் கருதுவர். சமயம் மாறியோரின் சொத்துரிமையைக் காக்க 1850இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட வேண்டியிருந்ததே அவ்விழப்பின் அளவைக் காட்டும். கிருஷ்ண பிள்ளை சுற்றத்தார் சூழ்ந்த நெல்லைப் பகுதியை நீங்கிச் சென்னையில் திருமுழுக்குப் பெற்றமையையும் இச்சூழலில் வைத்தே நோக்குதல் தகும். உள்ளத்தில் மறைந்திருந்ததை மீளப் பெறவொண்ணாத வகையில் பொதுவில் அறிவித்த செயலாதலின், அதனை வெறும் பதிவாகக் கருதுதல் இயலாது.

பெயரும் மரபும்

ஞானஸ்நானத்தின்போது அவர் ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் பெற்றார். ஆயினும் இலக்கிய வரலாற்றில் அப்பெயர் இரண்டு தலைப்பெழுத்துகளாகச் சுருங்கிற்று. கிருஷ்ண பிள்ளை என்னும் இயற்பெயரே நிலைத்தது. திருமாலின் பெயரைத் தாங்கிய ஒருவர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பட்டமை தற்செயலன்று. ஆங்கிலத் திருச்சபையில் வயது வந்தோருக்குரிய திருமுழுக்கு முறை அலகையையும், உலகின் வீண் பகட்டையும், உடலின் இச்சைகளையும் துறக்குமாறு கோருகிறது. தாய்மொழியையோ புலமை மரபையோ துறக்குமாறு அது கோரவில்லை. மரபிழப்பு என்னும் கருத்து சமூகம் சடங்கின்மேல் ஏற்றியது. சடங்கினுள் அஃது இல்லை.

இதற்கு அவருடைய படைப்புகளே சான்று. நற்போதகம் இதழில் தொடராக வெளிவந்து 1894இல் நூலுருப் பெற்ற இரட்சணிய யாத்திரிகம், 3,700க்கு மேற்பட்ட பாடல்களில் ஐந்து பருவங்களாகக் கம்பரின் யாப்பையும் நடையையும் தழுவி அமைந்தது. 1899இல் வெளிவந்த இரட்சணிய மனோகரம் பக்திப் பாசுரங்களின் மரபில் எழுந்தது. வைணவம் தந்த பக்தி மொழி திருமுழுக்குக்குப் பின்னர்ப் புதிய பொருளைப் பாடும் கருவியாயிற்று.

காப்பியம் காட்டும் இடம்

பனியனின் மூலநூலில் பயணியின் பாவச்சுமை சிலுவையின் முன்னர்க் கழன்று விழுகிறது. நீர்த்துறை எதிலும் அன்று. நீர்முழுக்குப் பற்றிய கருத்து வேறுபாடு சபையின் உறவைத் தடுத்தலாகாது எனப் பனியன் 1673இலேயே தனிநூல் எழுதி வாதிட்டவர். கிருஷ்ண பிள்ளையும் இம்மையத்தை மாற்றவில்லை, மேலும் விரித்தார். மூலத்தில் இல்லாத வகையில், குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை நெடிது பாடினார். தம் சுற்றத்தையும் பழைய வாழ்வையும் பிரித்த ஒரு நாளைக் கடந்து வந்த புலவர், அந்நாளைக் காப்பியத்தின் உச்சமாக்காமல் சிலுவையையே உச்சமாக்கினார். சடங்கு சுட்டும் பொருளே முதன்மையுடையது என்னும் தெளிவு இதில் புலனாகிறது.

நிறைவுறாத மாற்றம்

நான்காவது கருத்தை ஆராயும்போது போற்றுதலோடு நில்லாமல் மதிப்பீடும் தேவையாகிறது. திருமுழுக்குப் பெற்றோர் அனைவரும் ஓருடல் என்பது கிறித்தவக் கோட்பாடு. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விலக்குமாறு பணித்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் எதிர்த்தனர். நாடார் மக்கள் பெரும்பான்மையாக இருந்த நெல்லைத் திருச்சபையில் கிருஷ்ண பிள்ளை இறுதிவரை பிள்ளை என்னும் பட்டத்தோடே வாழ்ந்தார். மொழி மரபைக் காத்தல் ஒன்று. சாதி அடையாளத்தைக் காத்தல் வேறொன்று. இரண்டையும் பண்பாட்டுத் தொடர்ச்சி என்னும் ஒரே பெயரால் பாராட்டுதல் ஆய்வு நேர்மையாகாது. தமிழ் அவர் கையில் புதுப்பொருள் ஏற்றது. பட்டமோ மாற்றமின்றி உடன் வந்தது. நீராட்டின் பொருள் அந்நாளோடு முடிவதில்லை. பின்வரும் வாழ்நாள் முழுவதும் அது நிறைவேற வேண்டியதாகவே நிற்கிறது.

முடிவுரை

சாயர்புரம், சென்னை, பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் தமிழ்ப்பணி ஆற்றிய கிருஷ்ண பிள்ளை 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவர் வாழ்வில் ஞானஸ்நானம் நம்பிக்கையின் பிறப்பிடம் அன்று. தமிழ் மரபின் முடிவும் அன்று. விலை கொடுத்துச் செய்த வெளிப்படையான அறிக்கை அது. அதே வேளையில் முற்றுப்பெறாத ஒரு கடமையின் தொடக்கம். கிறித்தவப் புலவர்களின் வரலாறு எழுதுவோர் திருமுழுக்கு நாளைக் குறிப்பதோடு அமையாமல், அதற்கு முந்திய தேடலையும் பிந்திய எச்சத்தையும் ஒருசேர ஆராய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.