விலைச்சீட்டில் தேதி எழுதிய வணிகர்

ஆடி பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முதல் பக்கத்தைத் தள்ளுபடி விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. எழுபது சதவீதம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும்; அதற்குப் பின்னால் வரும் 'வரை' என்ற சொல்லைத் தேடித்தான் படிக்க வேண்டும். கடைக்குள் சென்றால் அடிக்கப்பட்ட பழைய விலையும் அதன் கீழே புதிய விலையும் இருக்கும். அந்தப் பழைய விலைக்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்றதா, எத்தனை நாள் அந்த விலையில் இருந்தது என்று கேட்டால் விற்பனையாளருக்கே தெரியாது. இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நேர்மையான பதிலைக் கண்டுபிடித்த வணிகர் ஒருவரைப் பற்றி நம்மில் அதிகம் பேர் அறிந்ததில்லை. அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து எட்வர்ட் ஃபைலீன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் என்ற ஊரில் 1860-இல் பிறந்தவர் அவர். தந்தை வில்லியம், பிரஷ்யாவின் போசன் பகுதியிலிருந்து குடியேறிய யூதர். சில்லறைக் கடைகள் வைத்து உயர்ந்தும் தாழ்ந்தும் பிழைத்தவர். ஹார்வர்டில் சேரும் வாய்ப்பு எட்வர்டுக்குக் கிட்டியபோது தந்தை நோயுற்றார். கல்லூரி கைநழுவியது; கடை கைக்கு வந்தது. 1890-களில் தம்பி லிங்கனுடன் சேர்ந்து அதை அவர் பாஸ்டனின் முதன்மையான ஆடை அங்காடிகளுள் ஒன்றாக வளர்த்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆடை வணிகத்தின் தீராத நோய் தேங்கிய சரக்கு. பருவம் மாறினால், நாகரிகம் மாறினால், நேற்றைய பொன் இன்றைய சுமையாகிவிடும். வாங்கிய விலையாவது வராதா என்று காத்திருக்கும் வணிகர் ஒவ்வொரு நாளும் இழக்கிறார். இடமும் முடங்குகிறது, முதலும் முடங்குகிறது. 1909 வாக்கில் ஃபைலீன் தம் அங்காடியின் தரைக்குக் கீழுள்ள தளத்தை இதற்கென ஒதுக்கினார். மேல்தளங்களில் தேங்கியவை மட்டுமல்ல, ஆலைகளில் மிஞ்சியவை, நொடித்துப்போன பிற கடைகளின் இருப்பு, சிறு குறையுள்ள ஆடைகள் எல்லாம் அங்கே வந்தன.

புதுமை சரக்கில் இல்லை, விதியில் இருந்தது. ஒவ்வொரு விலைச்சீட்டிலும் அந்தப் பொருள் விற்பனைக்கு வந்த தேதி குறிக்கப்பட்டது. விற்பனை நாள்கள் பன்னிரண்டு கடந்தும் விற்காவிட்டால் விலை கால் பங்கு குறையும். பதினெட்டு நாள்களுக்குப் பின் பாதி. இருபத்து நான்கு நாள்களுக்குப் பின் முக்கால் பங்கு தள்ளுபடி. முப்பது நாள்கள் ஆகியும் எவரும் வாங்காத பொருள் அறநிறுவனங்களுக்கு இலவசமாகப் போய்விடும். பத்து டாலர் மேலங்கி, ஏழரை, ஐந்து, இரண்டரை என்று இறங்கி, கடைசியில் ஓர் ஏழையின் தோளில் ஏறும். மேலாளரின் மனநிலையோ வாடிக்கையாளரின் பேரம் பேசும் திறமையோ இதில் நுழைய முடியாது, நாள்காட்டிதான் முதலாளி.

தொடக்க ஆண்டுகளில் நட்டம்தான். விலை இறங்கும் வரை மக்கள் காத்திருந்துவிட்டால் கடை திவாலாகிவிடும் என்று சக வணிகர்கள் நகைத்தனர். ஆனால் காத்திருப்பதில் வாங்குபவருக்கும் ஓர் ஆபத்து உண்டு: நாளை வேறொருவர் அதைத் தூக்கிச் சென்றுவிடலாம். அதனால் முப்பதாம் நாளைத் தொட்ட பொருள்கள் மிகச் சிலவே. தாம் விரும்பிய அங்கியை அடுத்த விலைக் குறைப்பு வரை ஆண்களின் உள்ளாடைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுப் போன பாஸ்டன் பெண்களைப் பற்றிய கதைகள் இன்றும் அந்நகரில் வழங்குகின்றன.

எனக்கு இந்த விதியில் பிடித்தது, அது விற்பவரின் கையைக் கட்டியதுதான். போலித் தள்ளுபடியின் இரகசியம், தொடக்க விலையை ஏற்றி வைப்பதில் இருக்கிறது. ஃபைலீனின் தளத்தில் அப்படி ஏற்றி வைத்தால், தேதியைப் பார்த்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவர்; கடிகாரம் ஓட ஓடக் கொள்முதல் செய்தவரின் இலாபம் கரையும். ஆகவே முதல் நாள் விலையே நியாயமாக இருந்தாக வேண்டும். விலை எவ்வளவு குறைந்தது என்பதை எல்லாக் கடைகளும் சொல்லும். எப்போதிருந்து குறைந்தது என்பதை அவர் ஒருவர்தாம் சொன்னார்.

உண்மையான கழிவு விற்பனையை அடையாளம் காண இன்னொரு வழியையும் அந்தத் தளத்தின் வரலாற்றிலிருந்து கற்கலாம். மிஞ்சிய சரக்கு ஒழுங்காக இருக்காது. நடுத்தர அளவுகள் தீர்ந்து, மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் எஞ்சியிருக்கும். ஒரே நிறம் குவிந்து கிடக்கும். எல்லா அளவுகளும் எல்லா நிறங்களும் அடுக்கு குலையாமல் பாதி விலையில் நின்றால், அது மிஞ்சியது அன்று, தள்ளுபடிக்கென்றே தைக்கப்பட்டது என்று ஐயுறலாம். அவ்வாறு தைப்பது இன்று உலகெங்கும் நடக்கும் வணிகமே.

ஆனால் எவ்வளவு உண்மையான தள்ளுபடியானாலும், விலை இறங்கும் நாளில் கையில் காசு இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன்? கடனுக்கு வாங்குபவன் விலையைப் பேச முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வட்டியும் கட்டுகிறான். ஃபைலீனின் வாழ்வின் இன்னொரு பாதி இந்தக் கேள்வியைச் சுற்றியே கழிந்தது. அதன் விதை விழுந்த இடம் நம் நாடு.

1907-இல் உலகப் பயணத்தின்போது அவர் இந்தியா வந்தார். கூட்டுறவுச் சங்கங்களைக் கவனித்த ஆங்கில அரசின் அதிகாரி ஒருவருடன் வங்காளக் கிராமங்களுக்குச் சென்றார். வட்டிக்காரரிடம் நிலத்தையும் மாட்டையும் இழந்த உழவர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வதைக் கண்டார். அந்தச் சங்கங்களுக்கு வழிவகுத்த 1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளமிட்டதில், சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெட்ரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கைக்குப் பெரும் பங்குண்டு. அச்சட்டத்தின் கீழ் முதல் சங்கம் எழுந்ததும் திருவள்ளூரை அடுத்த திரூரில்தான். சென்னையில் விதைத்தது வங்காளத்தில் முளைத்து, ஒரு துணி வியாபாரியின் மனத்தில் ஏறிக் கப்பல் கடந்தது என்று சொன்னால் அது வெறும் பெருமிதம் ஆகாது.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. கடன் சங்கங்களுக்கான முதல் பொதுச் சட்டத்தை 1909-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் நிறைவேற்றியபோது அதற்குத் துணை நின்றார். அடுத்த கால் நூற்றாண்டு, தம் செல்வத்திலிருந்து பெருந்தொகையை இந்த இயக்கத்துக்குச் செலவிட்டார். 1934-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை நாடு முழுமைக்குமான சட்டமாக்கினார்.

எளிதில் ஒத்துப்போகும் மனிதர் அல்லர் அவர். கடையை ஒருநாள் ஊழியர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற அவரது கனவைக் கூட்டாளிகள் ஏற்கவில்லை. தம்பியும் அந்தப் பக்கமே நின்றார். 1928-இல் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. தலைவர் என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. பெருமந்தம் வந்தபோது, யார் நகைத்தார்களோ அவர்களது மேல்தளங்கள் வெறிச்சோட, அவரது கீழ்த்தளம் கூட்டத்தால் நிறைந்தது. 1937 செப்டம்பரில் பாரிஸில் நிமோனியாவால் அவர் இறந்தார்.

பின்னாளில் அந்தத் தளம் தனி நிறுவனமாகிப் பல ஊர்களில் கிளை பரப்பியது. கிளைகளுக்குப் பெயர் மட்டுமே சென்றது. தேதியிட்ட விலைக்குறைப்பு விதி பாஸ்டன் தாய்க்கடையோடு நின்றுவிட்டது. 2007-இல் அந்தத் தாய்க்கடை மூடப்பட்டது. 2011-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது.

எனினும் விலையின் கடந்த காலத்தை வாங்குபவர் அறிய வேண்டும் என்ற எண்ணம் மடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய முப்பது நாள்களில் அப்பொருள் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்டியாக வேண்டும். ஃபைலீன் வகுத்த கெடுவும் முப்பது நாள் என்பது தற்செயலாகவே இருக்கலாம். அதே 2022-இல் இந்திய அரசு வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள், போதிய இருப்பில்லாத பொருளைக் காட்டித் தூண்டில் போடுவதைக் கட்டுப்படுத்துகின்றன. அடிக்கப்பட்ட விலைக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரியை அந்த நெறிகளில் சேர்க்க நுகர்வோர் அமைப்புகள் கோர வேண்டும். அடுத்த ஆடிக்கு இன்னும் காலம் இருக்கிறது.