நட்டாலம் தேவசகாயம்: இல்லறத்தில் ஒரு புனிதர்

புனிதர் என்றாலே அங்கி அணிந்த துறவி ஒருவர்தான் நம் கண்முன் வந்து நிற்கிறார். புனிதத்துவம் சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் உரிய காரியம், நமக்கு ஞாயிறு பூசை போதும் என்று நிம்மதியாக இருந்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆகவே இந்த யூபிலி மலரில், அரசாங்க வேலை பார்த்து, மனைவியோடு இல்லறம் நடத்திய ஒருவரின் வாழ்வை எழுதுவது நலம் எனத் தோன்றியது. பங்கில் தெற்கத்திக் குடும்பங்கள் பல இருப்பதால், அவருடைய ஊரை அறிந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள்.

இன்றைய குமரி மாவட்டம் அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கே நட்டாலம் என்னும் ஊரில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், வசதியும் செல்வாக்கும் மிக்க நாயர் குடும்பத்தில் நீலகண்டன் பிறந்தார். கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் அமர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். குறை ஒன்றுமில்லாத வாழ்வு.

1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றனர். நம் பக்கத்துப் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த அதே டச்சுக் கம்பெனிதான். சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்னும் தளபதி. அவர் கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தமது படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார். இவ்வாறு கைதியாக வந்தவரும் நீலகண்டனும் பழக நேர்ந்தது. அச்சமயம் நீலகண்டனின் வீட்டில் கால்நடைகள் மடிந்தன, பயிர் நஷ்டமாயிற்று என்பர். மனமுடைந்திருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தாராம். கவனியுங்கள், உபதேசம் செய்தவர் குருவானவர் அல்லர், உடன் வேலை செய்தவர்.

நீலகண்டன் அவசரப்பட்டு மதம் மாறவில்லை. கேட்டார், சிந்தித்தார், வரப்போகும் ஆபத்தையும் அறிந்திருந்தார். பின்பு திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி, நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்குப் போய், 1745 மே 14இல் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

இதன் பிறகு நாம் வழக்கமாக நேரே எருமை மாட்டுக்கும் விலங்குக்கும் போய்விடுகிறோம். 1745க்கும் 1749க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் எண்ணத்தில் அவையே அவர் வாழ்வின் நடுப்பகுதி. அவர் வேலையை விட்டு மடத்தில் சேரவில்லை. அதே பத்மநாபபுரத்துக்கு, அதே அலுவலுக்கு, அதே உறவினர் நடுவே திரும்பி வந்தார். ஆனால் தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டவர்களோடு கூடிப் பழகினார். அவர்களோடு உட்கார்ந்து உண்டார். தாம் கண்டடைந்ததைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ஓர் உயர்குல அதிகாரி இவ்வாறு நடந்ததைப் பலரால் பொறுக்க முடியவில்லை. அவர்மீது வேறு அரசியல் குற்றங்களும் சுமத்தப்பட்டன. அவற்றையே முதன்மையாகக் கூறும் சரித்திர ஆசிரியரும் உண்டு. எப்படியாயினும், அவர் யாரோடு பந்தியில் அமர்ந்தார் என்பது ஊரறிந்த செய்தியாயிற்று.

நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே ஷிப்டில் ஒடிசாக்காரரும் பீகார்காரரும் நாமும் ஒரே காண்டீன் மேசையில் சாப்பிடுகிறோம். அதுவே கல்யாண வீடு என்றால், கல்லறைத் தோட்டம் என்றால், பெண் கொடுக்கும் பேச்சு என்றால் சாதி எழுந்து வந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொள்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில், சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்தே கோவில் கட்டினார்கள். சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் காலத்தில், 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடையே நூற்று அறுபத்தைந்து ஆண்டுகள்!

1749 பிப்ரவரி 23இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் பின்னோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். பிரம்படி, காயங்களில் மிளகாய்ப் பொடி என்று சித்திரவதைகளைப் பாரம்பரியம் அடுக்குகிறது. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது, அவர் முட்டியால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்றும் சொல்வர். அங்கே போகும் பக்தர்கள் இன்றும் அந்நீரை எடுத்து வருகின்றனர். எனக்கோ பாறையைவிட மனிதர்தான் வியப்பு: ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், நாள்தோறும் அந்த வார்த்தையைச் சொல்ல மறுத்தார்.

1752 சனவரி 14ஆம் நாள் இரவு, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் காட்டில் எறிந்தனர். சில நாட்கள் கழித்து விசுவாசிகள் எலும்புகளைத் தேடியெடுத்து, கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் சொந்த ஊரைத் துறந்து வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார். இந்தப் பெண்மணியைப் பற்றி நாம் இன்னும் அதிகம் பேசவேண்டும்.

2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவரானார். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை என்னும் சாதிப் பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. நம்மில் சிலர் நோட்டீஸ்களில் இன்னும் சேர்த்தே அச்சிடுகிறோம்.

அவருடைய திருநாள் சனவரி 14, பொங்கலை ஒட்டி வருகிறது. விடுமுறைக்குத் தெற்கே பஸ் ஏறுகிறவர்கள் ஆரல்வாய்மொழியில் இறங்கிக் காற்றாடிமலைக்குச் சென்று வரலாம். கோட்டாற்றில் கல்லறையும் இருக்கிறது.